கோஸ்தான் மிஸ்ஸி

புக்கிட் மெர்தாஜாம் மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் வரிசை வீடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஒரு வேன் கிளம்பும். வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், வேண்டுதலோடு வருவார்கள். எங்களைப் போன்றவர்கள் மெழுகுவத்தி ஏற்றவும் வழியில் நன்றாகச் சாப்பிடவும் வருவோம். ஒருமுறை டோல் சாவடி வரைக்கும் போய்விட்ட வேனை எங்கள் மிஸ்ஸி திருப்பச் சொன்னார். வீட்டு கிரில் கேட்டைப் பூட்டினாரா இல்லையா என்று நினைவுக்கு வரவில்லையாம். வேன்காரர் கெஞ்சிப் பார்த்தார். பின்சீட்டில் இருந்த ஒரு அத்தை, இனிப் போனால் நிற்கக்கூட இடம் கிடைக்காது என்று புலம்பினார். அவர் அசையவில்லை.

"கோஸ்தான் பண்ணுங்கண்ணே, வந்த வழியிலயே போவோம்" என்றார்.

திரும்பி வந்து பார்த்தால் கேட் பூட்டித்தான் இருந்தது. வேனுக்குள் எழுந்த பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக மறுபடி ஏறி உட்கார்ந்தார். "பூட்டியிருக்கும்னு நெனைச்சுக்கிட்டுப் போறது வேற, பூட்டியிருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போறது வேற லா" என்றார். அதற்குப் பிறகு அவர் வேனில் தூங்கிக்கொண்டே வந்தார், நாங்கள்தான் பசியோடு விழித்துக்கொண்டு வந்தோம்.

கோஸ்தான் என்றால் மலேசியாவில் எங்கள் கெடா மாநிலத்துப் பக்கம் வண்டியைப் பின்னுக்கு எடுப்பது. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாருக்கும் அந்த ஒரு சொல்தான். தாதிகளை மிஸ்ஸி என்று அழைப்பதும் இங்கே பொது வழக்கு. அவர் வேதக்காரர், அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். பீடோங்கைச் சுற்றியிருக்கிற தோட்டங்களில் பிள்ளை பெற்ற பெண்களை மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தவர். ஆகவே எதிரில் நின்றால் மிஸ்ஸி, முதுகுக்குப் பின்னால் கோஸ்தான் மிஸ்ஸி. அது அவர் காதுக்கும் போயிருந்தது. "நல்ல பேருதானே, என் எதிர்லயே சொல்லிக் கூப்பிடலாமே" என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

ஆள் குள்ளம். கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டியிருப்பார். வேலையில் இருந்தபோது நாடி பார்க்க வசதியாகக் கட்டிய பழக்கம், ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் நகத்தைப் பார்ப்பார், பிறகுதான் முகத்தைப் பார்ப்பார். நகம் வெளுத்திருந்தால் தேநீர் கிடையாது, கீரை சாப்பிடுகிறாயா என்ற விசாரணைதான்.

எதை எடுத்துக்கொண்டு போனாலும் அவர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு வந்தது. நான் ஒரு களிம்பு வாங்கினேன். அது கேட்கவில்லை என்று இன்னொன்று வாங்கினேன். மாமியார் ஒரு எண்ணெய் கொடுத்தனுப்பினார், அதையும் தடவினோம். பிள்ளை இன்னும் சிவந்தது. மிஸ்ஸி வந்தார், பார்த்தார், களிம்பு டப்பாக்களைப் பார்த்தார்.

"கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போ தம்பி, நான் டாக்டர் இல்ல. ஆனா போறதுக்கு முன்னாடி சொல்லு, கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?"

"போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் நல்லாதான் இருந்தா மிஸ்ஸி."

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் இந்த வீட்டுக்குள்ள புதுசா என்ன வந்துச்சு?"

ஒன்றும் வரவில்லை என்று நான் அடித்துச் சொன்னேன். என் மனைவி மெதுவாக, "துணி துவைக்கிற சவர்க்காரத் தூள் மாத்தினேன்" என்றாள். சலுகையில் கிடைத்த பெரிய பொட்டலம். மறுநாள் டாக்டரும் அதையேதான் சொன்னார். பழைய தூளுக்குத் திரும்பினோம், பிள்ளையின் தோலும் திரும்பியது.

நான் அவருக்கு நேர் எதிர் ரகம். எனக்குத் திரும்புவது என்றாலே ஆகாது. தவறான வழியில் போய்விட்டாலும் அது எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று நம்பி இன்னும் வேகமாகப் போகிறவன். ஒருதடவை கோலா கெத்தில் பக்கம் ஒரு குழந்தைக்குப் பேர் வைக்கிற விசேஷத்தைப் படம் எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். குழந்தையுடைய அம்மாவின் பிரசவத்தைப் பார்த்தவர் என்பதால் மிஸ்ஸிக்கும் அழைப்பு. என் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். எண்ணெய்க்காக நடுகிற செம்பனைக் காட்டுக்குள் போனதும் வழி தவறிவிட்டது. செம்பனை நட்டிருக்கிற இடத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே வரிசை, ஒரே நிழல், ஒரே செம்மண் பாதை. நான் முறுக்கினேன்.

"நிறுத்து தம்பி. கோஸ்தான்."

"இல்ல மிஸ்ஸி, இப்படியே போனா பெரிய ரோட்டுல ஏறிடலாம்."

"ஒனக்குத் தெரியுமா, தோணுதா?"

எனக்குத் தோன்றத்தான் செய்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்ததால் வண்டியை நிறுத்தினேன். "தெரிஞ்ச எடம் கடைசியா எது?" என்றார். நீலத் தண்ணீர்த் தொட்டி இருந்த முச்சந்தி. அதுவரைக்கும் திரும்பினோம். நான் பாதி வழி முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினேன். முச்சந்தியில் இன்னொரு பாதையைப் பிடித்தோம், கொஞ்ச நேரத்தில் வீட்டுவாசல் தெரிந்தது. குழந்தையின் காதில் பேரைச் சொல்ல அத்தைக்காரி குனிந்தபோது நான் கேமராவோடு உள்ளே நுழைந்தேன். மிஸ்ஸி என் தோளில் இரண்டு தட்டு தட்டிவிட்டு நேராகச் சாப்பாட்டுப் பந்திக்குப் போனார்.

எங்கள் வரிசையில் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு ஓரகத்திகள் நெடுநாளாகப் பேசாமல் இருந்தார்கள். பிள்ளைகளும் ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் இருவரும் பெரிய பெரிய காரணமாகச் சொல்வார்கள், ஒருவர் மானம் என்பார், இன்னொருவர் மரியாதை என்பார். மிஸ்ஸி இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, கடைசியாக எப்போது சிரித்துப் பேசினீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனார். மாதம் மாதமாகப் பின்னுக்குப் போய்க் கடைசியில் அது ஒரு முறுக்கு அச்சில் வந்து நின்றது. தீபாவளிக்கு இரவல் போன அச்சு. வாங்கியவர் திருப்பிக் கொடுத்துவிட்டதாக நினைத்திருக்கிறார், கொடுத்தவர் வரவில்லை என்று நினைத்திருக்கிறார். அது வாங்கியவர் வீட்டு மேல்தட்டில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. அந்த வருஷம் எங்கள் எல்லாருக்கும் இரண்டு வீட்டு முறுக்கும் வந்தது.

இனி என் கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இருந்த வேலையை விட்டுவிட்டு நான் கல்யாண வீடியோ தொழிலில் இறங்கியிருந்த நேரம். கம்ப்யூட்டரை நானே ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்துப் பூட்டியிருந்தேன். படங்களை வேகமாகத் தயாரிப்பதற்காக உள்ளே ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அடிப்பக்கம் இரண்டு சின்ன விசிறிகள் வைத்த கனமான பலகை அது. எங்கள் ஊர்ச் சூட்டுக்கு அஞ்சிப் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றியே வைத்திருப்பேன். வீட்டில் எல்லாரும் அதை என் இரண்டாம் தாரம் என்று கேலி செய்வார்கள்.

அப்போது புக்கிட் செலம்பாவ் பக்கத் தோட்டத்தில் லாரி ஓட்டுகிற ஒருவர் மகளின் கல்யாணத்தை எடுத்துக் கொடுத்தேன். தாலி கட்டுகிற நேரம் நெருங்கும்போது அவருடைய அக்கா வந்த பஸ் கோயில் மண்டபத்துத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. அக்கா இல்லாமல் எப்படி என்று மனிதர் வெளியே ஓடினார். முகூர்த்தம் தப்பிவிடும், காத்திருக்க முடியாது என்றார் ஐயர். பெண்ணின் அப்பா மண்டபத்து வாசலுக்குத் திரும்பி வரும்போது கெட்டிமேளம் முழங்கிவிட்டது. வாசலில் நின்று காதால் கேட்டார், கண்ணால் பார்க்கவில்லை. தூவ வேண்டிய மஞ்சள் அரிசி கையிலேயே இருந்தது.

அந்த அரிசியை அவர் எறியவும் இல்லை, சோற்றில் போடவும் இல்லை, கைக்குட்டையில் முடிந்து வைத்திருக்கிறார் என்று அவர் மனைவி என்னிடம் சொன்னார். தாலி கட்டுகிற காட்சியைக் கைப்பேசியில் உடனே அனுப்பிவிடுகிறேன் என்று அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"வேணாம் தம்பி" என்றார். "சின்னதா பார்க்க மாட்டேன். சனிக்கெழம நம்ம தோட்டத்து பாலாய்ல விருந்து வெக்கிறோம். பெரிய படமா போடு. எல்லாரோடயும் சேர்ந்து, எம் பொஞ்சாதி பக்கத்துல உக்காந்து, மொதத் தடவையா அங்கதான் பார்ப்பேன்."

பாலாய் என்றால் பொது மண்டபம். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதற்கு அடுத்து ஆயுத பூஜை வந்தது. பூஜை முடிந்து வேலையில் உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது.

படுத்துவிட்டது என்று ஒரேயடியாகச் சொல்லவும் முடியாது. திறந்தால் திறக்கும். பாட்டுக் கேட்கலாம், கடிதம் அடிக்கலாம். படத்தைக் கோத்து முழு வீடியோவாக்கச் சொன்னால் மட்டும், கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் திரை கறுத்துப்போகும். பிறகு வெளிச்சம் வந்து மூலையில் ஒரு சின்னச் செய்தி தெரியும். கிராஃபிக்ஸ் டிரைவர் நின்றுபோய் மீண்டும் எழுந்துவிட்டதாம். டிரைவர் என்பது அந்தக் கார்டை வேலை வாங்குகிற மென்பொருள். எழுந்தது சரி, நான் செய்த வேலை எழவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், மறுபடி கறுத்துப்போகும்.

பூஜைக்கு மறுநாள் கம்ப்யூட்டரைத் திறந்ததுமே அந்த டிரைவர் தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. ஆகவே குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்தேன். என் குணப்படி அதைவிடப் புதியதை இறக்கினேன். கறுத்தது. கைப்பேசிக் கடையில் வேலை செய்கிற என் மச்சினன் வந்து, "இது பழசு மச்சான், இன்னும் சோதனையில இருக்கிறது ஒண்ணு வந்திருக்கு, படு வேகம்" என்று அதையும் ஏற்றினான். இப்போது படு வேகமாகக் கறுத்தது. கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டேன். கார்டே ரோசாக், கெட்டுப்போயிருக்கும், வேறு வாங்குங்கள், வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சனிக்கிழமை வந்துகொண்டிருந்தது. மச்சினனின் மடிக்கணினியில் ஏற்றிப் பார்த்தேன், அது என் படங்களைத் திறப்பதற்குள் முனகி மூர்ச்சையாகிவிட்டது. வாசலில் நின்ற அந்த மனிதரை நான் இன்னொரு தடவை வாசலிலேயே நிறுத்தப்போகிறேன் என்று நினைத்தபோது அழுகை வந்தது, கோபமும் வந்தது.

அந்த நேரம் பார்த்து மிஸ்ஸி வந்தார். பூஜைச் சுண்டல் கொடுத்தனுப்பிய பாத்திரத்தை வெறுமனே தரக் கூடாதென்று அதில் கேக் வைத்து எடுத்து வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். விஷயத்தை என் மனைவி சொன்னாள்.

"கடைசியா எப்ப தம்பி நல்லா இருந்துச்சு?"

"மிஸ்ஸி, தயவுசெஞ்சு வேணாம். இது குழந்தை இல்ல."

"தெரியும் லா. குழந்தைன்னா அழுதாச்சும் காட்டும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "எனக்கு இந்தப் பொட்டிய பத்தி ஒண்ணும் தெரியாது. நீ சொல்லு, நான் கேக்கிறேன். நீ இப்ப போட்டிருக்கியே அந்தப் புதுசு, அது இல்லாத காலத்துல ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"அப்ப அந்தக் காலத்துக்குப் போ. ஒண்ணு மேல ஒண்ணு களிம்பு தடவாத."

எனக்குச் சுருக்கென்றது. ஏற்றியிருந்த டிரைவர்களையெல்லாம் ஒன்று விடாமல் துடைத்தெடுத்தேன். பூஜைக்கு முன்பு ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தேடிப் பிடித்துப் போட்டேன். தானாகப் புதுப்பித்துக்கொள்கிற வசதியையும் அடைத்தேன். வீடியோவை ஓடவிட்டோம். மிஸ்ஸி மணிக்கட்டைத் திருப்பி நாடி பார்க்கிறவர் மாதிரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு நிற்கிற இடத்தைத் தாண்டியது. என் மனைவி என் தோளைப் பிடித்தாள். இன்னும் கொஞ்சம் போனது. பிறகு திரை கறுத்துவிட்டது.

"பார்த்தீங்களா மிஸ்ஸி? பின்னாடி போயும் பிரயோசனம் இல்ல."

"ஏன் இல்ல? அது காரணம் இல்லன்னு இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல" என்றார். குரலில் ஒரு சந்தோஷம் வேறு. "இன்னும் கொஞ்சம் கோஸ்தான் போவோம். பூஜையன்னிக்கு இது ஓடுச்சா?"

"பூஜையன்னிக்கு யாராச்சும் ஓட்டுவாங்களா? அன்னிக்கு அதுக்கு லீவு. மொத நாள் நல்லா ஓடுச்சு, மறுநாள்தான் இப்படி."

"அப்ப மொத நாளுக்கும் மறுநாளுக்கும் நடுவுல நடந்தது புது டிரைவரு மட்டும் இல்ல. பூஜையும் நடந்திருக்கு."

அடுப்படியிலிருந்து என் அம்மா வந்து கதவுநிலையில் நின்றார். அவர் பொதுவாக மிஸ்ஸியிடம் மிகவும் பிரியமாக இருப்பவர்தான். அன்று முகம் மாறியிருந்தது.

"என்ன மிஸ்ஸி பேசறீங்க? சாமி கும்பிட்டா கெட்டுப்போகுமா?"

வேதக்கார வீட்டம்மாள் ஒருத்தி எங்கள் பூஜையைக் குறை சொல்லிவிட்டாள் என்று அது பெரிதாகியிருக்கலாம். மிஸ்ஸி எழுந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சாமிய நான் ஒண்ணும் சொல்லலம்மா. வருஷா வருஷம் ஒங்க சுண்டல சாப்பிடறவதானே நானு. அன்னிக்கு இந்தப் பொட்டி எங்க இருந்துச்சு, எப்படி இருந்துச்சு, அதை மட்டும்தான் கேக்கிறேன். அங்க ஒருதடவ திரும்பிப் போய்ப் பார்ப்போம். ஒண்ணும் இல்லைன்னா இல்லைன்னு தெரிஞ்சுக்கலாம்."

அம்மா போய் ஹாலில் பாயை எடுத்து விரித்தார்.

பூஜையன்று கம்ப்யூட்டரைச் சாமிப் படங்களுக்கு முன்னால் பாயில் படுக்கவைத்திருந்தோம். பக்கத்தில் கேமரா, இஸ்திரிப் பெட்டி, அம்மாவின் தையல் மெஷின். அன்று எடுத்த படம் என் கைப்பேசியில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, நானும் மனைவியும் பெட்டியைத் தூக்கிவந்து அதே இடத்தில் அதே மாதிரி படுக்கவைத்தோம். கழற்றிய பக்கம் மேலே பார்த்துத் திறந்து கிடந்தது. படத்தில் அந்தத் திறப்பின் மேல் அம்மா கட்டிய மல்லிகைச் சரம் வளைவாகக் கிடந்தது. மறுநாள் அதை நான்தான் இழுத்து எடுத்தேன், உதிர்ந்த பூவையும் தட்டிவிட்டேன்.

சாமிக்கு முன்னால் ஒன்றை வைத்துவிட்டு விளக்கில்லாமல் இருப்பது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. காமாட்சி விளக்கை ஏற்றிக்கொண்டு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"டேய், இது என் சரம்டா."

நிமிர்ந்து நிற்கும்போது கார்டின் அடிப்பக்கம் யார் கண்ணுக்கும் தெரியாது. படுக்கவைத்தபோதுதான் தெரிந்தது. நான் இழுத்தபோது அறுந்த ஒரு துண்டு, கார்டின் விசிறி ஒன்றில் சுற்றி இறுகியிருந்தது. பூவெல்லாம் காய்ந்து பழுப்பாகி, அம்மாவின் இரட்டை முடிச்சு மட்டும் வரிசையாகத் தெரிந்தது. விசிறி நின்றுபோயிருக்கிறது. வேலை கூடும்போது கார்டு கொதித்திருக்கிறது. டிரைவர் ஒவ்வொரு தடவையும் மயங்கி விழுந்ததற்குக் காரணம் அந்தச் சூடு. அது பாவம், நானோ அதைப் போட்டு மாற்றி மாற்றி வதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மிஸ்ஸி தன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பழைய கிளினிக் இடுக்கியை எடுத்து வந்தார். அம்மா விளக்கைப் பிடிக்க, நான் முடிச்சு முடிச்சாக வெட்ட, மிஸ்ஸி நூலை உருவினார். "மெதுவா, மெதுவா, தலை வந்திருச்சு" என்று என் மனைவி சொன்னதும் மிஸ்ஸிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கடைசிப் பூவும் வந்தபோது அம்மா விரலால் விசிறியைத் தட்டினார். அது தடையில்லாமல் சுற்றியது. அவர் முகம் மட்டும் வாடியிருந்தது.

"நான் கட்டுன பூவாலதான் எம்புள்ள இத்தன நாளு தவிச்சானா?"

"நீங்க நல்லதுக்குத்தாம்மா பூ வெச்சீங்க" என்றார் மிஸ்ஸி. "இப்ப கண்டுபிடிச்சதும் நீங்கதான். நான் கோஸ்தான்னு சும்மா கத்துனதோட சரி."

அம்மா சிரித்துவிட்டார். நான் இரண்டு பேர் காலிலும் விழுந்தேன். கேலிக்காகச் செய்யவில்லை, அப்படித்தான் தோன்றியது. அன்று சாயங்காலத்துக்குள் முழுப் படமும் ஒரு தடங்கல் இல்லாமல் ஓடி முடிந்தது. நாங்கள் நால்வரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் அமர்ந்து மிஸ்ஸியின் கேக்கைத் தின்று தீர்த்தோம். மறுநாள் ஒரு வீம்புக்காகப் புது டிரைவரையும் போட்டுப் பார்த்தேன், அதுவும் அழகாக ஓடியது.

பிறகு சில ஆண்டுகளில் மிஸ்ஸி ஜோகூரில் இருக்கிற மகளோடு போய்விட்டார். பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. சாமான் லாரி எங்கள் வரிசை முனையைத் தாண்டியதும் நின்றது, பின்னுக்கு வந்தது. நாங்கள் எல்லாரும் கைகொட்டிச் சிரித்தோம். அவர் இறங்கி வந்து கிரில் கேட்டை ஒருதடவை இழுத்துப் பார்த்துவிட்டு, என் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் ஏறிப் போனார். ஆயுத பூஜை நாளில் இன்றும் போன் வரும். "அம்மா, பூவ வெளியில வெச்சீங்களா?" என்றுதான் தொடங்குவார். அம்மா மானிட்டர் மூலையில் ஒரே ஒரு செம்பருத்தியை வைத்துவிட்டு அதைப் படம் எடுத்து அனுப்புவார்.

எனக்கு அவர் என்றால் நினைவுக்கு வருவது அந்தச் சனிக்கிழமைதான்.

தோட்டத்துப் பாலாயில் வெள்ளைத் துணித் திரை கட்டியிருந்தார்கள். பிரியாணி வாசனை வெளிச் சாலைவரைக்கும் வந்தது. மிஸ்ஸி என் அம்மாவோடு வந்து நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேரை அவர் குழந்தையாகத் தூக்கியவர், ஆகவே ஆளாளுக்கு வந்து நகத்தைக் காட்டிவிட்டுப் போனார்கள். பெண்ணின் அப்பா மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் முதல் வரிசையில் இருந்தார். ஒரு பக்கம் மனைவி, இன்னொரு பக்கம் பஸ்ஸில் சிக்கிய அக்கா.

கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போயிருந்தேன். படத்தை ஓடவிட்டேன். மாப்பிள்ளை அழைப்பு வந்தது, பெண் மேடைக்கு வந்தாள், தாலித் தட்டு எல்லார் கைக்கும் போய் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு மேடைக்குத் திரும்பியது. திரை கறுக்கவில்லை. ஐயர் கை உயர்த்தினார். கெட்டிமேளம் முழங்கியது.

வாசலில் நின்று கேட்ட அதே சத்தம். இந்தமுறை மகளின் கழுத்தும் மாப்பிள்ளையின் விரல்களும் அவருக்கு முன்னால் ஆள் உயரத்துக்குத் தெரிந்தன. அவர் எழுந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். கை நிறைய அந்த மஞ்சள் அரிசியை அள்ளித் திரையைப் பார்த்துத் தூவினார். துணியில் பட்டு அது சரசரவென்று உதிர்ந்தது. பிறகு அவர் அக்கா ஓவென்று அழுதார், அப்புறம் எல்லாரும் கை தட்டினார்கள்.

படம் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். கையில் இன்னும் கொஞ்சம் அரிசி மிச்சம் இருந்தது.

"தம்பி, கொஞ்சம் கோஸ்தான் பண்ணு."

பாலாயே சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவர் நடு வரிசையில் இருந்த மிஸ்ஸிதான். நான் படத்தைப் பின்னுக்கு ஓட்டினேன். மாப்பிள்ளையின் கை மகளின் கழுத்தைவிட்டு விலகி, தாலி தட்டுக்குத் திரும்பியது. கெட்டிமேளம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.